மந்திக் கூட்டமும் மனிதப் பார்வையும்

தில்லியில் இருபது முப்பது வருஷமாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு லங்கூர்வாலாக்களை நினைவிருக்கும். ரைசினா குன்றைச் சுற்றியுள்ள அரசு அலுவலகங்களில் ஃபைல்களைக் கிழிப்பதும் சாப்பாட்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுமாக அட்டகாசம் செய்த சிவந்த முகக் குரங்குகளை விரட்ட, கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட ஒரு லங்கூரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வருவார். சைக்கிளின் பின்சீட்டில் அது மிடுக்காக உட்கார்ந்திருக்கும். லங்கூரைக் கண்டதும் மற்ற குரங்குகள் இடத்தைக் காலி செய்துவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி லங்கூரைக் கட்டி வைத்து வேலை வாங்கக்கூடாது என்று 2012 வாக்கில் அதற்குத் தடை வந்தது. பிறகு லங்கூர் போலக் குரல் கொடுக்க 40 பேரை வேலைக்கு வைத்திருப்பதாக 2014-ல் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். 2023-ல் ஜி-20 மாநாடு நடந்தபோது நகரில் லங்கூர் உருவ அட்டைகளை நிறுத்தி வைத்தார்கள். அந்த அட்டைகளை எத்தனை குரங்குகள் மதித்தன என்பது வேறு விஷயம்.

கயிற்றிலும் அட்டையிலும் நாம் பார்த்த இந்தப் பிராணிதான், விலங்கு நடத்தை ஆராய்ச்சியின் சரித்திரத்தில் நாற்பது வருஷம் நீண்ட ஒரு பெரிய வழக்குக்குக் காரணமாக இருந்தது. அந்த வழக்கு பெரும்பாலும் நம் நாட்டு மண்ணில், தார்வாரிலும் அபு மலையிலும் ஜோத்பூரிலும் நடந்தது. ஆனாலும் நம்மில் பலருக்கு அது தெரியாது.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஆண் குரங்குக்குக் கடுவன் என்றும் பெண் குரங்குக்கு மந்தி என்றும் பெயர் வைத்திருக்கிறது தமிழ். குரங்கு, முசு, ஊகம் என மூன்றையும் வேறு வேறாகச் சொல்லி, மூன்றிலும் பெண்ணை மந்தி என்று அழைப்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது 'ஆண் லங்கூர்', 'பெண் லங்கூர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கடுவன், மந்தி என்றே எழுதுகிறேன். இந்தியா முழுவதும் பரவியிருக்கும் அனுமன் லங்கூரை முன்பு ஒரே இனமாகக் கருதினார்கள். இப்போது பல இனங்களாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவினைக்குள் நாம் போக வேண்டாம்.

1958-ல் பில்லிஸ் ஜே என்ற அமெரிக்க இளம்பெண் இந்தியா வந்தார். மனிதனின் தொடக்கத்தை அறியக் குரங்குகளை அவை வாழும் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திய மானுடவியல் பேராசிரியர் ஷெர்வுட் வாஷ்பர்னின் மாணவி அவர். அதுவரை குரங்குகளைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கூண்டில் பார்த்தவர்கள், இல்லாவிட்டால் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவர்கள். ஜே உத்தரப் பிரதேசத்தில் கௌகோரி என்ற கிராமத்திலும், மத்திய இந்தியாவில் ஓர்ச்சா என்ற இடத்திலும் 1960 வரை தங்கி, சுமார் 850 மணி நேரம் நோட்டுப் புத்தகத்தோடு கவனித்தார். அவர் கண்டது ஏறக்குறைய ஒரு சாந்தமான கூட்டுக்குடும்பம். ஒரே கூட்டத்தில் பல கடுவன்கள் அதிகச் சண்டையில்லாமல் இருந்தன. இன்னொன்றும் கண்ணில் பட்டது. லங்கூர்க் குட்டி பிறக்கும்போது கறுப்பாக இருக்கும். பெரியவற்றின் சாம்பல் நிறம் பிறகுதான் வரும். அந்தக் கறுப்புக் குட்டியை, பிறந்த சில மணி நேரத்திலேயே, மற்ற மந்திகள் வந்து கேட்பதுபோல் கை நீட்டி வாங்கிக்கொள்ளும். ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு அது கை மாறும். தாய் தடுக்காது. இதை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

ஜே கொடுத்த சித்திரம் அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக இருந்தது. ஒவ்வொரு பிராணிக்கும் கூட்டத்தில் ஒரு பங்கு உண்டு, எல்லாம் சேர்ந்து கூட்டத்தின் நன்மைக்காக இயங்குகிறது என்பதுதான் அன்றைய அறிஞர் உலகின் பொதுவான எண்ணம்.

அடுத்து வந்தவர்கள் ஜப்பானியர்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கின்ஜி இமானிஷியின் வழியில் வந்தவர்களுக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அடையாளம் கண்டு, பெயரோ எண்ணோ கொடுத்து, அதன் உறவுமுறையையும் எழுதி வைத்து, வருஷக்கணக்கில் தொடர்வார்கள். மேல்நாட்டு விஞ்ஞானிகள் ஆரம்பத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். குரங்குக்குப் பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் பார்வை கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் யார் யார் என்று தெரியாவிட்டால், நேற்று இருந்த கடுவனும் இன்று இருக்கும் கடுவனும் ஒன்றுதானா என்பதே தெரியாது. பார்த்ததாக நினைப்பது பாதியும் பொய்யாகிவிடும்.

இந்தப் பயிற்சியோடு யுகிமாரு சுகியாமா 1961-ல், அன்றைய மைசூர் மாநிலத்திலிருந்த தார்வாருக்கு வந்தார். அது இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி, எம்.டி. பார்த்தசாரதி என்ற நம் நாட்டவரின் பெயரும் அந்தக் குழுவின் கட்டுரைகளில் இருக்கிறது. தார்வாரில் கதையே வேறாக இருந்தது. பல கூட்டங்களில் வளர்ந்த கடுவன் ஒன்றே ஒன்று; மற்றவை மந்திகளும் குட்டிகளும். இடம் கிடைக்காத கடுவன்கள் தனிக் கும்பலாகச் சேர்ந்து வெளியே திரிந்தன. 1962-ல் அப்படி ஏழு கடுவன்கள் சேர்ந்த ஒரு கும்பல் ஒரு கூட்டத்தின் மேல் பாய்ந்தது. பழைய தலைவன் துரத்தப்பட்டது. பிறகு ஏழுக்குள்ளே போட்டி வந்து, ஒன்று மட்டும் நின்றது. அதன்பின் கூட்டத்திலிருந்த குட்டிகள் ஒவ்வொன்றாகக் கடிபட்டுச் செத்தன, அல்லது காணாமல் போயின. குட்டியை இழந்த மந்திகள் சீக்கிரமே இணைசேரத் தயாராகி, புதிய தலைவனோடு இணைந்தன.

இது தற்செயலோ என்று பார்க்க, சுகியாமா இன்னொரு கூட்டத்தில் இருந்த ஒரே கடுவனைப் பிடித்து அப்புறப்படுத்தினார். வேறொரு கடுவன் வந்து சேர்ந்தது, அங்கும் குட்டிகள் கொல்லப்பட்டன. இந்தச் சோதனையைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பார்ப்பவன் கை வைத்தால் அது கவனிப்பு ஆகுமா? அந்தக் குட்டிகளின் சாவில் அவருக்கும் பங்கு உண்டுதானே? இன்று எந்த ஆராய்ச்சிக்குழுவும் அப்படிச் செய்ய அனுமதி வாங்க முடியாது. ஆனால் அதன் விடையை யாரும் மறுக்கவும் முடியாது. 1965-ல் அவர் இதையெல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டார். வெளியுலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தின் நன்மைக்காக எல்லாம் நடக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு, கூட்டத்தின் குட்டிகளையே கொல்லும் தலைவனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏதோ கோளாறு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கோளாறு என்று சொல்ல ஒரு காரணமும் தயாராக இருந்தது. ஜான் கால்ஹூன் என்ற அமெரிக்கர் எலிகளை அடைப்புக்குள் அளவுக்கு மீறிப் பெருக விட்டு, நெரிசலில் அவை பைத்தியம் பிடித்தாற்போல் நடந்துகொள்வதை 1962-ல் எழுதியிருந்தார். மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியா என்றாலே நெரிசல் என்று ஒரு நினைப்பு வேறு. ஆகவே இந்தியக் குரங்கும் நெரிசலால்தான் குட்டியைக் கொல்கிறது என்று வகுப்பறைகளில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஹார்வர்டில் அப்படி ஒரு வகுப்பில் கேட்டதை நேரில் பார்க்கப் புறப்பட்டவர் சாரா ப்ளாஃபர் ஹர்டி. 1971-ல் அவர் ராஜஸ்தானத்து அபு மலைக்கு வந்தபோது வயது 25. தில்வாரா சமணக் கோயில்களுக்கும் நக்கி ஏரிக்கும் பேர்போன அந்த ஊரில் லங்கூர்கள் கடைவீதியிலேயே திரியும். 1975 வரை ஐந்து முறை வந்து, சுமார் 1,500 மணி நேரம் கவனித்தார். முதல் வருஷத்திலேயே, தான் கொண்டுவந்த விடை தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அபுவில் நெரிசல் இருந்தது, உண்மை. ஆனால் நெரிசலான கூட்டங்களிலும் தலைவன் மாறாதவரை குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டிகள் தலைவன்மேல் விழுந்து விளையாடினாலும் அது பொறுத்துக்கொண்டது. குட்டிகள் சாவது வெளியிலிருந்து புதுக் கடுவன் வந்து கூட்டத்தைக் கைப்பற்றும்போதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. லங்கூரின் கர்ப்பகாலம் சுமார் 200 நாள். பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் குட்டி பால் குடிக்கும். அதுவரை தாய் பெரும்பாலும் மறுபடி கருத்தரிக்காது. ஒரு கடுவன் தலைமையில் நீடிப்பதோ சராசரியாக இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான். வந்தவன் பிறருடைய குட்டிகள் வளரும்வரை காத்திருந்தால், தன் குட்டி பிறந்து வளர்வதற்குள் அவனையே இன்னொருவன் விரட்டிவிடுவான். குட்டி செத்தால் தாய் சீக்கிரம் தயாராகிறது. இதைக் கடுவன் யோசித்துத் திட்டம் போட்டுச் செய்கிறது என்று அர்த்தமில்லை. அப்படி நடந்துகொண்ட கடுவன்களுக்கே வாரிசுகள் அதிகம் மிஞ்சின; அந்தக் குணமும் மிஞ்சியது. 1974-ல் வெளியான கட்டுரையிலும் 1977-ல் வந்த 'அபுவின் லங்கூர்கள்' என்ற புத்தகத்திலும் ஹர்டி சொன்ன வாதம் சுருக்கமாக இதுதான்.

இதோடு விட்டிருந்தால் அது கடுவன்களின் கதையாகவே முடிந்திருக்கும். என்னைக் கேட்டால், ஹர்டியின் பெருமை மந்திகள் பக்கம் திரும்பியதில்தான் இருக்கிறது. மந்திகள் சும்மா உட்கார்ந்து அழவில்லை. ஏற்கெனவே சூல்கொண்ட மந்திகூட வந்த கடுவனோடு இணைசேர்ந்தது. கூட்டத்துக்கு வெளியே திரியும் கடுவன்களோடும் சேர்ந்தது. எந்தக் கடுவனுக்கும் 'இது என் குட்டி இல்லை' என்று நிச்சயமாகாதபடி ஒரு குழப்பத்தை உண்டாக்கி வைப்பதாக ஹர்டி இதற்கு விளக்கம் சொன்னார். நேரடியாகச் சண்டை போட்டவையும் உண்டு. மக் என்று அவர் பெயரிட்ட கடுவன் ஒரு குட்டியைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பப் பாய்ந்தபோது, குறுக்கே விழுந்து தடுத்தவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஸோல் என்ற கிழட்டு மந்தி. மற்றது, ஒரு கை பறிபோன வயதான மந்தி. குட்டியைப் பெற்றவள் இளையவள், போராடியது பாட்டிகள். ஸோல் மற்ற நேரங்களில் கூட்டத்தின் ஓரத்தில், யாரும் சட்டை செய்யாமல் கிடந்த மந்தி.

அந்த ஓரத்து மந்தியைக் கவனிக்க முறையும் வேண்டும். பெரிய உருவம், உரத்த குரல், சண்டை, இவையே பார்ப்பவன் கண்ணை இழுக்கும். கண் போன இடத்தையெல்லாம் எழுதினால் நோட்டுப் புத்தகம் முழுக்கக் கடுவன்கள்தான் இருக்கும். ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய கட்டுரை இந்தக் குறையைப் போட்டு உடைத்தது. முன்கூட்டியே ஒரு பிராணியைத் தேர்ந்துகொள். குறித்த நேரத்துக்கு அதை மட்டும் பார். அது தூங்கினால் தூங்குவதை எழுது. பக்கத்தில் எவ்வளவு பெரிய ரகளை நடந்தாலும் கண்ணைத் திருப்பாதே. இதுதான் சாரம். கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருங்களேன், தெரியும்.

குறுந்தொகையின் 69-ஆம் பாட்டு இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. கடுந்தோட் கரவீரன் பாடியது. இரவில் மலைவழியே வராதே என்று தலைவனிடம் தோழி சொல்லும் பாட்டு. துணையான ஆண் குரங்கு இறந்துபோக, மந்தி தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது என்று அதில் வருகிறது. எந்த மந்தியும் கைம்மைக்கு அஞ்சி உயிர் விடுவதில்லை. அது புலவர் மனிதரிலிருந்து எடுத்து மந்திக்குக் கொடுத்தது. ஆனால் குட்டியைச் சுற்றத்திடம் சேர்ப்பது? தலைவன் போனால் குட்டியின் கதி என்ன என்ற கவலை? இதை வைத்துக்கொண்டு சங்கப் புலவர் நவீன விஞ்ஞானத்தை அன்றே சொல்லிவிட்டார் என்று நான் மேடையேறப் போவதில்லை. அப்படி ஏறுகிறவர்கள் நம் சங்கங்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். குட்டி கை மாறுவதை மலைச்சாரலில் யாரோ ஒருவர் பார்த்திருக்கக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹர்டியின் வாதத்துக்கு எதிர்ப்பு பலமாக வந்தது. எதிர்த்தவர்களில் முன்னே நின்றவர், கௌகோரியில் சாந்தமான கூட்டத்தைக் கண்ட அதே பில்லிஸ் ஜே. அப்போது அவர் பெயர் பில்லிஸ் டோல்ஹினோ. மனிதர் போடும் உணவைத் தின்று, ஊருக்குள் நெருக்கியடித்து வாழும் குரங்குகளிடம் கண்ட கோளாறை இயல்பு என்று சொல்லலாமா என்று அவரும் அவர் பக்கத்தவரும் கேட்டார்கள். கொலையை நேரில் கண்டவர் எத்தனை பேர்? குட்டி காணாமல் போனதையெல்லாம் கொலை என்று எழுதலாமா? நியாயமான கேள்விகள்தான். அவரை வில்லியாக்கிச் சில புத்தகங்கள் எழுதுகின்றன, அது சரியில்லை. அவர் பார்த்த இடத்தில் அவர் பார்த்தது உண்மை. பல கடுவன்கள் சேர்ந்திருக்கும் கூட்டம் ஒரு மாதிரி, ஒரே கடுவன் உள்ள கூட்டம் வேறு மாதிரி. ஒரே லங்கூருக்கு இரண்டு ஊரில் இரண்டு குடும்ப அமைப்பு இருக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

'நேரில் பார்த்தீர்களா' என்ற கேள்விக்குப் பதில் ஜோத்பூரிலிருந்து வந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ்.எம். மோஹ்நோத், ஹர்டி அபுவில் கால் வைத்த அதே 1971-லேயே, மேற்கு இந்திய லங்கூர்களிடம் தலைமை மாற்றமும் குட்டிக் கொலையும் சேர்ந்து நடப்பதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்தார். அவரும் எம்.எல். ரூன்வாலும் சேர்ந்து தெற்காசியக் குரங்கினங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1977-ல் ஹார்வர்டு பதிப்பாக வந்தது. ஜோத்பூரின் சிறப்பு வேறெங்கும் இல்லாதது. சுற்றிலும் பாலைநிலம், ஊரைச் சுற்றி மண்டோர் தோட்டம், கைலானா ஏரிப் பக்கம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட லங்கூர்கள். ஜெர்மனியிலிருந்து கிறிஸ்டியன் ஃபோகல், ஃபோல்கர் சோமர் முதலியோர் வந்து சேர, பல பத்தாண்டுகள் விடாமல் கவனிப்பு நடந்தது. ஒரு கூட்டத்தின் தலைமை மாறுவதே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்றால், ஒரு விடுமுறையில் வந்து போகிறவர் எதைப் பார்க்க முடியும்? உள்ளூரில் இருப்பவர் பார்க்கலாம். இந்த விஷயத்தில் ஹர்டியின் பெயர் தெரிந்த அளவுக்கு மோஹ்நோத்தின் பெயர் நம்மவர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

கடைசிச் சாட்சியம் நேபாளத்து ராம்நகர்க் காட்டிலிருந்து வந்தது. அங்குள்ள லங்கூர்களுக்கு மனிதர் யாரும் தீனி போடுவதில்லை. நெரிசல் என்றோ ஊர்க் கெடுதல் என்றோ சொல்ல வழியில்லை. கரோலா போரீஸ் குழுவினர் அங்கே மரபணுச் சோதனை செய்து, தந்தை யார் என்று கண்டுபிடித்தார்கள். 1999-ல் வெளியான முடிவு இது: குட்டிகளைத் தாக்கிய கடுவன்கள் அந்தக் குட்டிகளின் தந்தைகள் அல்ல. குட்டி செத்த இடங்களில், கொன்றதாகக் கருதப்பட்ட கடுவனே அந்தத் தாயின் அடுத்த குட்டிக்குப் பெரும்பாலும் தந்தையாகியிருந்தது. சுகியாமா தார்வாரில் பார்த்து 37 வருஷம் ஆகியிருந்தது.

இந்தச் சரித்திரத்தில் யாரும் நன்றி சொல்லாத ஒரு கூட்டம் உண்டு. தார்வார், அபு, ஜோத்பூர் ஜனங்கள்தான் அது. அனுமனின் வம்சம் என்று அவற்றை அடிக்காமல், சனி, செவ்வாய்க்கிழமைகளில் கடலையும் வாழைப்பழமும் கொடுத்து, வீட்டுக் கூரையைப் பிரித்தாலும் திட்டிவிட்டுப் போகிறவர்கள். மனிதனைக் கண்டால் ஓடாத லங்கூர் அவர்கள் பல தலைமுறையாக உண்டாக்கி வைத்தது. நோட்டுப் புத்தகத்தோடு பத்தடி தூரத்தில் ஒருவர் உட்கார முடிந்தது அதனால்தான். நம் பக்கத்து நீலகிரிக் கருமந்தி மருந்துக்காக வேட்டையாடப்பட்ட ஜாதி. 1965-66-ல் அதை ஆராய்ந்த ஃபிராங்க் பாய்ரியர் மனிதரைக் கண்டால் அஞ்சும் பிராணியின் பின்னால் சோலைக்காட்டில் அலைய வேண்டியிருந்தது.

இதை மனிதனுக்குப் பொருத்தலாமா என்று கேட்பீர்கள். மாற்றாந்தந்தை, புது ராஜா, பழைய ராஜாவின் பிள்ளைகள் என்று உடனே மனம் ஓடும். மேல்நாட்டில் சிலர் அப்படி ஓடவும் செய்தார்கள். ஹர்டி போன வழி வேறு. 1999-லும் 2009-லும் அவர் எழுதிய இரண்டு பெரிய நூல்கள் தாய்மையைப் பற்றியவை. இரண்டாவது நூலில் அவர் பிடித்துக்கொண்டது பில்லிஸ் ஜே அன்று கண்ட அந்தச் சின்ன விஷயத்தைப் போன்றதைத்தான்: குட்டி கை மாறுவது. மனிதனுக்கு மிக நெருங்கிய சிம்பன்சித் தாய், குட்டி பிறந்து பல மாதங்கள்வரை அதை யாரிடமும் கொடுக்காது. லங்கூர் கொடுக்கும், மனுஷியும் கொடுப்பாள். பசியாற நெடுங்காலம் பிறரை நம்பியிருக்கும் மனிதக் குழந்தையை ஒரு தாய் தனியாக வளர்த்திருக்கவே முடியாது. பாட்டி, அத்தை, அக்கா என்று பல கைகள் இருந்ததால்தான் நாம் இன்று இருக்கிறோம், மற்றவர் மனதைப் படிக்கும் நம் திறமையும் அங்கிருந்து வந்தது என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. வாதம் நடக்கிறது.

தில்லியிலும் நொய்டாவிலும் பிள்ளை பெற்ற நம் பெண்களுக்கு இந்த வாதம் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. ஏழாம் மாதம் முடிந்ததும் ஊருக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தவர்கள் அவர்கள். அம்மா வர முடியாத வருஷங்களில் பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி மாமி கதவைத் தட்டி, 'குழந்தையை இப்படிக் கொடு, நீ போய்க் குளித்துவிட்டு வா' என்று கை நீட்டியிருக்கிறார்.